ஒளிப்பெட்டியா, சின்ன அறையா?

பார்வைக் குறைபாட்டோடு உடல் வளர்ச்சியிலும் அறிவு வளர்ச்சியிலும் சிக்கல் உள்ள பிள்ளைக்கு முதலில் ஒளிப்பெட்டியை ஏற்பாடு செய்வதா, ‘சின்ன அறை’யையா என்று பெற்றோர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது, என் ஓட்டு சின்ன அறைக்குத்தான்.

ஒளிப்பெட்டி தெரிந்ததுதான். அறையை இருட்டாக்கி, வெளிச்சம் வரும் பலகைமேல் நிறமுள்ள பிளாஸ்டிக் துண்டுகளை வைப்பது. ஓரளவாவது வெளிச்சம் தெரியும் பிள்ளைகளைச் சிவப்பும் மஞ்சளும் நன்றாக இழுக்கும், என் மகளும் தலையைத் திருப்பிப் பார்க்கிறாள். வலிப்பு வரும் பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சின்ன அறை (Little Room) என்பது வீட்டு அறை இல்லை, படுத்திருக்கும் பிள்ளையைச் சுற்றி வைக்கும் பெட்டி போன்ற அமைப்பு. பார்வையற்ற பிள்ளைகளின் கல்வியில் பணியாற்றிய டென்மார்க்கின் லில்லி நீல்சன் 1980களில் உருவாக்கியது. பிள்ளை மல்லாந்து படுத்திருக்கும், மேலேயும் பக்கவாட்டிலும் கைக்கு எட்டும் தூரத்தில் சாவிக்கொத்து, மர ஸ்பூன், உலோக ஸ்பூன், பிரஷ், மணிச்சரம் எல்லாம் எலாஸ்டிக்கில் தொங்கும்.

எனக்கு முடிவைச் சொன்னது ஒரே விஷயம்: கையை விட்டு நழுவிய பொருள் எங்கே போகிறது? ஒளிப்பெட்டியில் கை பட்டு ஒரு துண்டு நகர்ந்தால் என் மகளுக்கு அது இல்லாமலே போய்விடுகிறது, நான் எடுத்து வைத்தால்தான் மறுபடி விளையாட்டு. சின்ன அறையில் சாவிக்கொத்து அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். இடது புறங்கையால் தட்டுவாள், சத்தம் வந்ததும் அசையாமல் கேட்பாள், அப்புறம் அதே இடத்துக்குக் கையைக் கொண்டுபோவாள், யாரும் கையைப் பிடித்து நடத்தவில்லை. ‘நான் செய்தால் ஏதோ நடக்கிறது’ என்பதை அவளே கண்டுபிடிக்கிறாள், அதனால் அந்த நேரத்தில் ‘சபாஷ்’ என்றுகூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், பேச்சு வந்தால் கவனம் கலைந்துவிடும்.

பராமரிப்பு கொஞ்சம் இருக்கிறது. எலாஸ்டிக் தளர்ந்திருக்கிறதா, மணி கழன்றிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், வாயில் போவதைக் கழுவுங்கள், தனியாக விட்டுவிட்டு நகராதீர்கள். பொருள்களை ஒரேயடியாக மாற்றவும் வேண்டாம், பிடித்தது அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

உட்கார்ந்து விளையாடும், தவழும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. மல்லாந்து படுக்க வைக்கலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிடுங்கள்.

முழு அறையும் இப்போதைக்கு முடியாதென்றால் அதன் அடியில் போடும் அதிர்வுப் பலகையை மட்டும் ஒரு தச்சரிடம் செய்யச் சொல்லலாம்: மெல்லிய பிளைவுட், அடியில் ஓரங்களில் சுமார் 1 அங்குலச் சட்டம், நடுவில் வெற்றிடம். குதிகால் லேசாக உரசினாலே சத்தமும் அதிர்வும் உடம்புக்குத் திரும்பி வரும்.