போக்கிமான் வழியே ஜப்பானியச் சொற்கள்: 18 மாத அனுபவம்

என் பிள்ளைகள் இருவரும் மூன்று முறை ஆடி முடித்திருந்த போக்கிமான் ஸ்வோர்டை, 18 மாதங்களுக்கு முன்பு ஜப்பானிய மொழியில் முதலிலிருந்து ஆட வைத்தேன். 2019-இல் வெளிவந்த இந்த விளையாட்டில் மொழியைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அதற்காகப் பழைய ஆட்டத்தை நான் அழித்தேன். நின்டெண்டோ சுவிட்ச் என்ற விளையாட்டுக் கருவியில் இன்னொரு பயனரைச் சேர்த்திருந்தால் அது அப்படியே இருந்திருக்கும் என்பது, மூத்தவள் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்த பிறகே எனக்குத் தெரிய வந்தது.

ஜப்பானிய மொழியிலும் இரண்டு தேர்வுகள் உண்டு: ஒன்று ஒலியைக் குறிக்கும் கனா எழுத்துகள் மட்டும் கொண்டது, மற்றொன்று சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகளும் கலந்தது. (அந்தப் பெயரைக் கேட்டு இளையவன் சிரித்து அடங்கச் சற்று நேரமாயிற்று.) நாங்கள் கனாவைத் தேர்ந்தெடுத்தோம். வழக்கமான ஜப்பானிய எழுத்தில் இல்லாத சொல் இடைவெளி இதில் இருப்பதால், ஒரு சொல் எங்கே முடிகிறது என்பது பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

முதல் நாளே ஒரு சண்டையில் இளையவனின் போக்கிமான் (ஆட்டத்தில் நமக்காகச் சண்டையிடும் உயிரி) மயங்கி விழும் தறுவாய்க்கு வந்துவிட்டது. தப்பி ஓடுவதற்கான தேர்வு பட்டியலின் கடைசி வரியில் இருக்கும் என்பது பழைய ஆட்டங்களால் அவன் விரலுக்குத் தெரியும். அழுத்திய பிறகே அங்கிருந்த 'நிகெரு' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தான். ஓடுதல் என்று நான் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனப்பாடமான விளையாட்டாக இருந்தால்தான் இந்த முறை பலிக்கும். புதிய விளையாட்டை வாங்கி வேற்று மொழியில் ஆட விட்டால் பிள்ளைகள் குழம்பித்தான் போவார்கள்.

பெயர்களைப் பிரித்துப் பார்த்தது எங்களுக்குப் பெருவிருந்தாக அமைந்தது. ஆமை போன்ற போக்கிமானான ஸ்குவர்ட்டிலின் ஜப்பானியப் பெயரான 'ஸெனிகமே', நாணயத்தைக் குறிக்கும் 'ஸெனி'யும் ஆமையைக் குறிக்கும் 'கமே'யும் சேர்ந்தது. காய மருந்தான 'கிஸுகுஸுரி'யில் 'குஸுரி' என்பது மருந்து. தனியே நிற்கையில் வல்லொலியாக இருக்கும் ககரம், இவ்வாறு இரண்டு சொற்கள் சேரும்போது பெரும்பாலும் மெலிந்து ஒலிக்கிறது. ஜப்பானியர் இதற்கு எழுத்தையே மாற்றுகிறார்கள். புதிய சொற்களைக் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்த என் பிள்ளைகளுக்கோ அது தானாகவே வாய்த்தது. ஆனால் அதே பழக்கம் பின்னர் காலை வாரிவிட்டது. பல்லியைக் குறிக்கும் சொல்லை மூத்தவள் 'தொககே' என்று எழுதி, வல்லொலியாக வர வேண்டிய முதல் ககரத்தையும் மெலிதாகவே படித்தாள். மூன்றாம் மாதத்தில் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தைக் கைவிட்டு, கனாவிலேயே எழுதச் சொன்னேன்.

பாத்திரங்களுக்குக் குரல் கிடையாது என்பதால் உச்சரிப்பைக் கற்க இந்த விளையாட்டு போதாது. பனிக்கட்டியைக் குறிக்கும் சொல்லின் நெடிலைப் பிள்ளைகள் நெடுநாள் குறுக்கியே சொன்னார்கள். அகராதியின் ஒலிப்பதிவைக் கேட்ட பிறகுதான் திருத்திக்கொண்டார்கள்.

குறிப்பேட்டில் இப்போது ஏறத்தாழ 400 சொற்கள் உள்ளன. நஞ்சு, வாதம், தீக்காயம் எல்லாம் தெரிந்த இருவருக்கும் கரண்டிக்குச் சொல் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவும் சென்ற மாதம் வரை தெரியாது. திரையில் எண்களெல்லாம் இலக்கங்களாகவே வருவதால் அவற்றை அவர்கள் மனத்துக்குள் தமிழிலேயே படித்து வந்திருக்கிறார்கள். அதை மட்டும் இப்போது விளையாட்டை அணைத்துவிட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன்.