தூங்காத ஓபிடி அடப்டர்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

ஜப்பான் கார் ஒன்று எடுத்திருக்கும் நண்பர், புளூடூத் ஓபிடி அடப்டர் வாங்கலாமா என்று கேட்டார். காரின் ஓபிடி சொக்கெட்டில் சொருகினால், கார்க் கணினியின் தரவுகளைப் போன் ஆப்பில் காட்டும் சின்னச் சாமான் அது. சொருகுவது, ஆப் போடுவதெல்லாம் அவருக்குத் தெரியும், அதை விடுகிறேன்.

இதை நான் வைத்திருப்பதற்கு முக்கிய காரணம் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை. விட்ஸ், வேகன் ஆர் போன்ற கார்களில் வெப்பநிலை முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிஞ்சிச் சூடானால் சிவப்பு விளக்கு. நடுவில் நடப்பது எதுவும் தெரியாது. ஆப்பில் இலக்கமாகவே தெரிகிறது. மாலை நெரிசலில் பொரளைச் சந்தியில் நிற்கும்போது 88, 92, 96 பாகை செல்சியஸ் என்று ஏறி, ஃபேன் சுழன்றதும் 91க்கு இறங்கினால் சரி. நிற்கும்போது 100ஐத் தாண்டி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் மோட்டரையும் ரிலேயையும் பாருங்கள். அதிவேக நெடுஞ்சாலையில் ஓடும்போது ஏறினால் ரேடியேற்றர் அடைப்பு, இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட் (கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) முழுதாகத் திறக்கவில்லை. சிவப்பு விளக்கு எரியும்வரை இருந்தால் ஹெட் காஸ்கட்டுக்கும் சேர்த்துத்தான் காசு எண்ண வேண்டும்.

ஆனால் கூலண்ட் அடியோடு ஒழுகிவிட்டால் சென்சர் வெறும் காற்றில் நிற்கும், இலக்கமும் குறைவாகவே காட்டும். காலையில் கூலண்ட் டேங்க்கை எட்டிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

எரிபொருள் திருத்தமும், அதாவது கார்க் கணினி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற இலக்கமும் உதவும். ஐட்லிங்கில் +15 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பூச்சியத்துக்கு அருகில் வந்தால் பெரும்பாலும் வேக்குவம் குழாயில் கசிவு.

இனி என் கோபம். ஓபிடி சொக்கெட்டின் 16ஆம் பின் பற்றரியோடு நேரடியாக இணைந்தது. சாவியைக் கழற்றினாலும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், அடப்டரின் சிவப்பு எல்ஈடி விடிய விடிய எரியும். தானாகத் தூங்கும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். பச்சைப் பொய்! மல்டிமீற்றரை பற்றரியின் நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் இடையில் தொடராக மாட்டி, கார் அடங்க அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் அடப்டரோடு 62 மில்லி ஆம்பியர், கழற்றினால் 18. (மீற்றர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாதீர்கள், ஃபியூஸ் போய்விடும்.) மிச்சம் 44, நாளொன்றுக்கு ஒரு ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல். 28 ஆம்பியர்-மணிப் பற்றரி இரண்டு வாரத்தில் பாதி காலி. காரின் சொந்தச் செலவு வேறு.

தினமும் கழற்றி மாட்டினால் பின்கள் தளர்ந்து, ஓடும்போது இணைப்பு அறுகிறது. சுவிட்ச் வைத்த நீட்டிப்புக் கேபிள்தான் ஒரே வழி. அதையும் பிரேக் பெடல் பக்கம் தொங்கவிடாமல் டை போட்டு இறுக்க வேண்டும்.

இந்த விலைக்கு இதைவிடப் பயனுள்ள சாமான் காருக்குள் கிடையாது. இருந்தும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுப்பவர். கொழும்பில் கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ரேடியேற்றர் குழாயில் பொருத்துகிற தனி வெப்பமானி தேடிப் பார்க்கட்டும். அதன் வயரை, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் லைனில் கொடுத்தால் பற்றரிக்கு வில்லங்கமில்லை.