ஓடை நீரளவு: மிதவை, மீட்டர், வி-நாட்ச், உப்பு – எதை எவ்வளவு நம்பலாம்?

ஊட்டி, கோத்தகிரி பக்கம் ஓடைத் தண்ணீரை அளக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த முறை துல்லியம் என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி, எவ்வளவு சின்ன மாற்றத்தைப் பிடிக்கப் போகிறோம் என்பது. க்ளென்மார்கனில் நடந்த ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றை இயற்கையாக விட்டுவிட்டு, மற்றதில் 1972-இல் 59 சதவீத நிலத்தில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். மிதவை போட்டு அளந்திருந்தால் அந்த 16 சதவீதம் கண்ணிலேயே பட்டிருக்காது.

மிதவை ஏன் அவ்வளவு மோசம்? மிதவை குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரத்தை வைத்து மேல்மட்ட வேகத்தைக் கண்டு, அதை 0.85-ஆல் பெருக்கி சராசரி வேகம் என்று வைத்துக்கொள்கிறோம். சமவெளியில் ஆழமாக, சீராக ஓடும் வாய்க்காலுக்கு அது பொருந்தும். பாறையும் கூழாங்கல்லும் நிறைந்த நம் ஓடையில் உண்மையான எண் 0.7 ஆகக்கூட இருக்கலாம், அப்படியானால் கணக்கு 21 சதவீதம் அதிகமாக வரும். பத்து தடவை மிதவை விட்டு சராசரி எடுத்தாலும் இது சரியாகாது, ஏனென்றால் கடிகாரத்தை நிறுத்துவதில் வரும் பிழை முன்னும் பின்னும் ஆடும், சராசரியில் கரையும். 0.85-ஆல் வருவதோ ஒரே பக்கமாகச் சாயும் பிழை.

கரண்ட் மீட்டர் (தண்ணீரில் இறக்கி நீரோட்ட வேகத்தை அளக்கும் கருவி) நல்ல முறைதான், ஆனால் மாயாறு மாதிரி ஆழமும் அகலமும் உள்ள இடத்துக்கு. ஓடையின் குறுக்கே எத்தனை இடத்தில் வேகம் பார்க்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 748 என்ற சர்வதேச அளவை வழிகாட்டியின்படி 5 இடத்தில் மட்டும் அளந்தால் அந்தக் காரணத்தால் மட்டுமே 15 சதவீதம் வரை சந்தேகம் ஏறும், 20 இடம் என்றால் 5 சதவீதம் (இரண்டுமே 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில்). ஒன்றையொன்று சாராத சந்தேகங்களை அப்படியே கூட்டக்கூடாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அகலத்தில் 3, ஆழத்தில் 5, வேகத்தில் 10 சதவீதம் என்றால் மொத்தம் 12-க்குப் பக்கம் வரும். டேப்பை மில்லிமீட்டர் சுத்தமாகப் பிடித்து அகலச் சந்தேகத்தைப் பூஜ்யமாக்கினாலும் அது 11-க்குக் கீழே இறங்காது. எங்கே பெரிய ஓட்டையோ அங்கேதான் அடைக்க வேண்டும்.

வி-நாட்ச் (ஓடைக்குக் குறுக்கே வைக்கும் தடுப்பில் V வடிவ வெட்டு, அதில் ஏறும் நீர்மட்டத்தை வைத்து வரத்தைக் கணக்கிடலாம்) தான் தினசரி கணக்குக்கு என் முதல் தேர்வு, வினாடிக்குச் சில பத்து லிட்டர் வரும் சின்ன ஓடை என்றால். ஆனால் 90 பாகை நாட்ச்சில் நீர்வரத்து மட்டத்தின் 2.5-ஆவது படியாக (power) மாறுவதால், மட்டத்தில் 1 சதவீதம் தவறினால் வரத்தில் 2.5 சதவீதம் தவறும். மார்ச் மாதம் 6 செ.மீ. மட்டத்தில் ஓடும்போது அளவுகோலின் பூஜ்யம் 3 மி.மீ. மாறி இருந்தால் போதும், 12 சதவீதம் போச்சு, அதுவும் தினம் தினம் ஒரே பக்கமாக. நாட்ச்சின் முனையில் ஒரு கற்பூர இலை ஒட்டிக்கொண்டாலும் மட்டம் ஏறி, வராத தண்ணீர் வந்ததாகக் காட்டும். பின்னால் வண்டல் சேர்ந்தால் அதற்கு எதிர்மாறு: தண்ணீர் வேகம் பிடித்து வருவதால் வரத்து குறைவாகத் தெரியும். ஆகவே இலை எடுக்க, வண்டல் வார ஒரு ஆள் இல்லாவிட்டால் இதைக் கட்டவே வேண்டாம்.

உப்பு முறையை நம் ஊரில் இன்னும் நிறைய பேர் பயன்படுத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கரண்ட் மீட்டருக்குத் தொல்லையான அதே பாறையும் குமுறலும் இங்கே உதவி, உப்பைக் கலக்கித் தருவது அவைதான். எடை போட்ட உப்பை வாளியில் முழுக்கக் கரைத்து ஒரே வீச்சில் ஊற்றி, கீழே இ.சி. மீட்டரில் மின்கடத்துதிறன் ஏறி இறங்குவதை ஐந்து நொடிக்கு ஒருமுறை குறித்தால் போதும், உப்பு எவ்வளவு நீர்த்தது என்பதிலிருந்தே வரத்து தெரியும், ஆழமும் அகலமும் வேண்டியதே இல்லை. நன்றாகச் செய்தால் 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரலாம். கவனிக்க வேண்டியது உப்பைத்தான். ஊட்டி மூடுபனியில் திறந்து வைத்த கல்லுப்பு ஈரம் குடிக்கும், எடையில் 3 சதவீதம் தண்ணீர் என்றால் நீர்வரத்தும் 3 சதவீதம் கூடுதலாக வரும். வாளி அடியில் கரையாமல் தங்கினாலும் அதே கதை. பிரிக்காத தூள் உப்பு பாக்கெட்டை வாங்கி, ஓடைத் தண்ணீரிலேயே மீட்டரை அளவுதிருத்தம் செய்து, இரு கரையிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் உப்பு இன்னும் கலக்கவில்லை, கீழே தள்ளிப் போக வேண்டும்.

வறட்சியிலும் சாதாரண நாளிலும் வி-நாட்ச் வைத்து, அதை அவ்வப்போது உப்பால் சோதிப்பதே என் சிபாரிசு. வெள்ளத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் நாட்ச் மூழ்கிவிடும், தண்ணீரில் யாரும் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. அப்போது பாலத்தின் மேல் நின்று மிதவை விடுவதுதான் எளிய வழி. வரும் எண்ணுக்குப் பக்கத்தில் கூடக்குறைய 30 சதவீதம் என்று எழுதிவிடுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு குறுக்குவெட்டை மறுபடி அளக்க வேண்டும், பாறை உருண்டு அடித்தரை மாறியிருந்தால் மட்டத்தைப் பார்த்து வரத்தைச் சொல்லும் பழைய மட்ட-வரத்து வரைகோடு அன்றிலிருந்து செல்லாது.