லிம்போமா ஸ்கோர்: மூன்றில் எதை வைத்துப் பேசலாம்?

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் 58 வயதுக்காரர் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா (வேகமாக வளரும் ஒரு நிணநீர்ப் புற்றுநோய்) என்று பயாப்ஸியில் வந்துவிட்டது. மூன்றாம் நிலை. ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி 800, ரிப்போர்ட்டில் அச்சிட்ட உச்ச வரம்பு 250. நிணநீர் முடிச்சுகளைத் தாண்டிப் பரவவில்லை. இன்னும் விடியற்காலையில் ஏலத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். பிழைப்பாரா என்று வீட்டில் கேட்டால், மூன்று ஸ்கோர்கள் மூன்று பதில் சொல்கின்றன.

மூத்தது 1993-இல் வந்த ஐ.பி.ஐ. (சர்வதேச முன்கணிப்புக் குறியீடு). வயது 60-க்கு மேல், எல்.டி.எச். கூடுதல், மூன்றாம் அல்லது நான்காம் நிலை, வேலை செய்ய முடியாத உடல்நிலை, முடிச்சுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நோய். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இவருக்கு 2. அந்தக் குழுவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 51 சதவீதம். விரல்விட்டுக் கணக்குப் போட்டுவிடலாம், சரி. ஆனால் அந்த 51 ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து வருவதற்கு முந்தைய நோயாளிகளின் கணக்கு. இன்று அந்த மருந்தும் கீமோவும் சேர்ந்த ஆர்-சாப் ஏற்றிக்கொள்பவரின் வீட்டாரிடம் அதைச் சொல்வது அநியாயம்.

2007-இன் ஆர்-ஐ.பி.ஐ. அதே ஐந்தையும் ஆர்-சாப் எடுத்தவர்களிடம் பார்த்தது. 2 புள்ளி என்றால் 'நல்ல' குழு. நான்காண்டில் 79 சதவீதம். ஆனால் அதன் கடைசிக் குழுவிலேயே 55 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவரை அது தனியே பிரித்துக் காட்டுவதில்லை.

என் ஓட்டு 2014-இன் என்.சி.சி.என்.-ஐ.பி.ஐ.க்கு (என்.சி.சி.என். என்பது அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு). எல்.டி.எச். கூடியதா என்று மட்டும் பார்க்காமல் எத்தனை மடங்கு என்று கேட்கிறது. வரம்பைத் தாண்டினால் 1, மூன்று மடங்கைத் தாண்டினால் 2. வயதும் 40, 60, 75 என்று படிப்படியாக ஏறும். மஜ்ஜை, மூளை, கல்லீரல், குடல், நுரையீரல் போன்ற முக்கிய இடங்களுக்குத்தான் பரவலுக்கான புள்ளி. நம்மவருக்கு வயதுக்கு 1, நிலைக்கு 1, எல்.டி.எச்.க்கு 2, மொத்தம் 4. ஐந்தாண்டில் 64 சதவீதம். அதே எல்.டி.எச். 740 ஆக இருந்திருந்தால் மொத்தம் 3. குழுவே மாறி 82 சதவீதம்!

அதனால் ஸ்டான்லியில் எடுத்தாலும் தண்டையார்பேட்டையில் தனியார் லேபில் எடுத்தாலும், உச்ச வரம்பு தெரிகிற ரிப்போர்ட்டையே டாக்டரிடம் காட்டுங்கள். வரம்பு லேபுக்கு லேப் மாறும். ரத்த மாதிரியில் அணுக்கள் உடைந்திருந்தால் எல்.டி.எச். பொய்யாக ஏறும், 'ஹீமோலைஸ்டு' என்று குறிப்பு இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், இவை எல்லாம் கூட்டத்துக்கான சதவீதம். அந்த 64-இல் இவர் இருப்பாரா என்று எந்த ஸ்கோராலும் சொல்ல முடியாது.

மூன்றிலும் விட்டுப்போனது மரபணு. மிக், பி.சி.எல்.2 என்ற மரபணுக்கள் இரண்டும் இடம் மாறியிருந்தால், ஸ்கோர் நன்றாக இருந்தாலும் நோய் முரட்டுத்தனமாகப் போகலாம். டாக்டர் ஆர்-சாப்பைவிடத் தீவிரமான மருந்தை யோசிக்கக்கூடும். அதற்கான ஃபிஷ் பரிசோதனையை பயாப்ஸி பிளாக்கிலிருந்தே (மெழுகில் பதித்து வைத்த திசு) செய்துவிடலாம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது பிளாக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.