கும்பகோணம் கடை வேலையா, தஞ்சாவூர் கம்பெனி வேலையா?

"பசங்க நிலையா நிக்க மாட்டேங்கிறாங்க" என்று கும்பகோணம் கடைத்தெருவில் எந்த முதலாளியைக் கேட்டாலும் சொல்வார். இருபது வருஷம் நின்றவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கடை வேலையில் நல்லது நிறைய உண்டு. தங்கச்சி கல்யாணம் என்றால் கல்லாவிலிருந்தே அட்வான்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள், வட்டி இல்லாமல் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள், அறுப்பு சமயத்தில் இரண்டு நாள் வயலுக்குப் போக வாய்வார்த்தையே போதும். இதையெல்லாம் எந்த எச்ஆரும் தரமாட்டார். ஆனால் அட்வான்ஸ் பாக்கி தீரும் வரை வேறு கடைப் படி ஏற முடியாது. முகூர்த்த நாளில் காலையில் நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை நிற்க வேண்டும். ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தாச்சு. ஸ்டூல் போட்ட கடையிலும் அதில் உட்கார்ந்தால் மேனேஜர் முறைக்கிறார்.

கூலியையும் வேலையையும் மிராசுதாரின் மனசுக்கு விடக்கூடாது என்று 1952-ல் தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட்ட மண் இது. கடைத்தெருவில் இன்னமும் வாய்வார்த்தைதான்.

கம்பெனிக்கு இப்போது சென்னை போக வேண்டியதில்லை, 2024-ல் தஞ்சாவூரிலேயே நியோ டைடல் பூங்கா என்ற ஐடி கம்பெனி வளாகத்தைத் திறந்துவிட்டார்கள். வேலை ஆர்டர் கையில் வரும், பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதிக்கு நம் பங்கு 12 சதவீதம் பிடித்தால் அவர்களும் 12 சதவீதம் போட வேண்டும், சம்பளம் 21,000-க்குள் என்றால் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடும் உண்டு. குறை? நாம் விலக இரண்டு மாத நோட்டீஸ் கேட்பவர்கள், நம்மை அனுப்ப ஒரே மெயிலில் முடித்துவிடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கும் வாட்ஸ்அப் குரூப் அடங்காது.

என் கணக்கில், வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடைதான் (கிராஜுவிட்டி) முக்கியம். அடிப்படைச் சம்பளம் 12,000, பத்து வருஷ சர்வீஸ் என்றால், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் சுமார் 69,000 ரூபாய் வர வேண்டும். பத்துப் பேர் வேலை பார்க்கிற கடைக்கும் இது பொருந்தும், ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவர் எதை வைத்துக் கேட்பார்?

அதனால் இருபத்தைந்து வயதுக்காரர் சம்பளம் ஆயிரம் ரெண்டாயிரம் குறைந்தாலும் கம்பெனிக்கே போகலாம். நாற்பதைத் தாண்டி, சொந்த நிலமும் பார்க்க வேண்டியவருக்குக் கடைதான் தோது. சேரும்போதே பிஎஃப் உண்டா, வார லீவு எந்தக் கிழமை என்று முதலாளியிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.