தகமட்சுவா, இமபாரியா?

ஜப்பானின் ஷிகோகு தீவில் கடல்நீரையே அகழியாக வைத்துக்கொண்ட கோட்டைகள் இரண்டு உண்டு: தகமட்சு, இமபாரி. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

தூரத்திலிருந்து பார்க்க அழகு இமபாரிதான். தோதோ தகதோரா என்ற பிரபு 1602-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. அகலமான அகழியும் நீண்ட கல்மதிலும் அப்படியே நிற்கின்றன. ஆனால் உச்சியில் தெரியும் வெள்ளைக் கோபுரம் 1980-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. பழமையைத் தேடி வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

தகமட்சுவில் கோபுரமே இல்லை; 1884-இல் இடித்துவிட்டார்கள். கல் அடித்தளம் மட்டும் மிச்சம். ஆனாலும் என் மனம் இங்கேதான் நிற்கிறது. நிலா பார்க்கும் மாடம் என்று பெயர் பெற்ற சுகிமி காவல்மாடம், பழைய மரக்கட்டடமாகவே இன்றும் இருக்கிறது. ஒருகாலத்தில் அதன் அடியிலேயே அலை அடித்தது. அகழியில் தாமரைக்குப் பதில் கடல்மீன்கள்! தீனி வாங்கிப் போட்டால் சங்கரா இனத்து மீன்கள் கூட்டமாக மேலே வரும். சிறு மரப்படகிலும் சுற்றலாம். ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். அப்புறம் ரிட்சுரின் தோட்டம், ஒரு கிண்ணம் சனுகி உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ், கலைத் தீவான நவோஷிமாவுக்குப் படகு என்று நாள் போவதே தெரியாது.

சைக்கிள் பிரியர்களுக்கு மட்டும் என் பதில் மாறும். இமபாரியிலிருந்து தீவு தீவாகப் பாலங்களைக் கடந்து எதிர்க்கரை நகரமான ஒனோமிச்சி வரை சுமார் 70 கிலோமீட்டர் ஷிமனாமி பாதை. அதற்காகவே அங்கே போகலாம்.