ஆயா ஏன் வெடுக்கென்று நிமிர்கிறார்? – வீட்டு ஃபிலிம் ஸ்கேனர் அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்து நண்பர் ஒருவர், மாமனார் வீட்டுப் பரணில் கிடைத்த சூப்பர் 8 சுருள்களுக்காக (அந்தக் காலத்தில் வீட்டில் படம் எடுத்த சின்ன ஃபிலிம்) நான் வைத்திருக்கும் அதே ஸ்கேனரை வாங்கலாமா என்று கேட்டார். போனில் சொல்லி மாளவில்லை, எழுதுகிறேன். மற்ற விவரமெல்லாம் அவருக்குத் தெரியும். சுருளை மாட்டினால் ஃபிரேம் ஃபிரேமாகப் படம் பிடித்து எஸ்டி கார்டில் எம்பி4 வீடியோவாகப் போடும் சின்னப் பெட்டி. 50 அடிச் சுருளுக்கு அரை மணி நேரம்.

முதலில் என் கோபம். எந்தச் சுருளைக் கொடுத்தாலும் இது விநாடிக்கு 20 ஃபிரேம் என்றுதான் சேமிக்கிறது. மாற்ற வழியே வைக்கவில்லை. சூப்பர் 8 கேமராக்கள் பெரும்பாலும் 18இல் ஓடியவை. அதற்கு முந்தைய சாதா 8 எம்எம் 16இல். 50 அடி சூப்பர் 8இல் 3600 ஃபிரேம், அதாவது 3 நிமிடம் 20 விநாடி. பெட்டி அதை 3 நிமிடத்தில் முடித்துவிடுகிறது.

இருபது விநாடிதானே என்று தோன்றும். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, வாசலில் கோலம் போட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து நிமிர்கிற காட்சி ஒன்று இருக்கிறது. முட்டிவலிக்காரர், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிர்வார். ஸ்கேனர் தந்த கோப்பில் வெடுக்கென்று நிமிர்கிறார். ஆயாவைப் பார்த்தேயிராத என் பிள்ளைகள், அவர் அப்படித்தான் இருந்தார் என்று நினைத்துக்கொள்வார்கள். சாதா 8 சுருளில் வேகம் கால் பங்கு கூடிவிடுகிறது. மாசி மகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமி தூக்கி வருகிறவர்கள், ஏதோ துரத்துவது போல ஓடுகிறார்கள்.

இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் வேகத்தை 18, 16 என்று திருத்தலாம். கோப்பின் அளவைக் குறைக்கப் படத்தைத் திரும்பச் சுருக்கவும் வேண்டியதில்லை, அதனால் தரம் குறையாது. ஒவ்வொரு கோப்பாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் மெனுவில் ஒரு வரி சேர்க்க அவர்களுக்கு என்ன கேடு? கணினி பழகாத பெரியவர்கள்தான் இதை அதிகம் வாங்குகிறார்கள்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். பழைய புரொஜெக்டரில் ஃபிலிம் சிக்கினால் பல்பு சூட்டில் அந்த ஃபிரேம் பொசுங்கிப்போகும். இதில் எல்இடி வெளிச்சம், சூடே இல்லை. ஃபிலிம் துண்டுகளை இணைத்த ஒட்டு காய்ந்து நடுவில் விட்டுப்போனால், பதறாமல் நிறுத்தி, ஒட்டிவிட்டு, மறுபடி ஓட்டலாம். அப்புறம் அந்த நிறம்! பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த எங்கள் சொல்தா பெரியப்பா இங்கே எடுத்ததையெல்லாம் பிரான்சுக்கே கொண்டுபோய்க் கழுவினார், எல்லாம் கோடாக்ரோம் என்ற கோடாக் கலர் ஃபிலிம். இருட்டில் கிடந்தால் அது லேசில் வெளுக்காது. அத்தையின் அரக்குப் பட்டு அப்படியே இருக்கிறது. 2022இல் இடிந்து விழுந்த புதுச்சேரியின் பழைய துறைமுகப் பாலம், கடலுக்குள் முழுசாக நீண்டு நிற்கிறது. அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு இந்தப் பெட்டிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

ஆனாலும் வாங்காதீர்கள். அந்தப் பாலத்துக்குக் கீழே அலை வருகிற இடத்தில் பாருங்கள், கட்டம் கட்டமாக உடைகிறது. அவ்வளவு இறுக்கிச் சுருக்குகிறார்கள். வேகத்தைத் திருத்தலாம், தொலைந்த அலையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஓரத்தில் பழுப்பாகக் காந்தப் பட்டை ஓடும் சுருள் உங்களிடம் இருந்தால் அதில் பேச்சு பதிவாகியிருக்கலாம். இந்தப் பெட்டிக்குக் காது கிடையாது.

முதலில் டப்பாக்களைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால், ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. நம் கடலோரப் புழுக்கத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். அப்படிப்பட்ட சுருளைத் தனி டப்பாவில் வையுங்கள், மற்றதோடு சேர்க்க வேண்டாம். அது சுருங்கியும் போயிருக்கும். ஓரத்துளைகள், பெட்டியில் ஃபிலிமை இழுக்கும் பல்லுக்கு ஒத்துவராமல் படம் குதிக்கும், இழுத்தால் கிழியும். அதையும், உங்கள் வீட்டுக் கல்யாணச் சுருள் இருந்தால் அதையும், பல் இல்லாமல் உருளையில் ஓட்டி ஸ்கேன் செய்யும் கூடத்துக்கு அனுப்புங்கள். செலவு அதிகம்தான், பரவாயில்லை. மற்றதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு வாருங்கள், என் பெட்டியிலேயே ஓட்டிவிடலாம். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று எந்தச் சுருளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.